வேலூருக்கென்று ஒரு விளையாட்டு ரேடியோ ஓடுமா? வெளியூரில் எப்படி ஓட்டுகிறார்கள்?

பாலாறு பையன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் சத்துவாச்சாரி. நண்பன் ஒருவனோடு சேர்ந்து சின்னதாக ஒரு ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோவுக்குக் குரல், கடை திறப்பு விளம்பரம், தேர்தல் வந்தால் ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற அறிவிப்பு, இதுதான் பிழைப்பு.

நியூயார்க்கில் டபிள்யூ.எஃப்.ஏ.என். என்று ஒரு ரேடியோ, ராத்திரி பகல் பார்க்காமல் விளையாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறதாம். பாட்டே கிடையாதாம். அரசாங்கம் நடத்துவதும் இல்லை, விளம்பரக் காசில் ஓடுகிற தனியார் ஸ்டேஷன். எப்படித் தொடங்கினார்கள்? நாள் முழுக்க எதைப் பேசி நிரப்புகிறார்கள்? காசு எங்கிருந்து வருகிறது? கேட்டுப் பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

எனக்கு ஏன் இந்த ஆசை என்றால், எங்கள் சத்துவாச்சாரிக்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கி வந்தார். கிளாஸ்கோவில் தூக்கியது மொத்தம் 328 கிலோ. இன்றைக்கும் இங்கே பளு தூக்கப் போகிற பசங்க நிறைய. அவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? எஃப்.எம். திருப்பினால் சினிமாப் பாட்டு, இல்லையென்றால் செய்கூலி இல்லை சேதாரம் இல்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வேலூர் மாவட்டம் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு விளையாட்டு ரேடியோ வைத்தால் ஓடாதா?

கோட்டை மதில்

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று ஏற்கெனவே நம்மூரைக் கிண்டல் பண்ணுகிறார்கள். டீம் இல்லாத ரேடியோவும் சேரட்டும். டி.என்.பி.எல். கிரிக்கெட்டில் திண்டுக்கல்லுக்கு டீம் உண்டு, திருச்சிக்கு உண்டு, நமக்கு? மே மாதத்தில் வெயில் ஸ்கோரை வேண்டுமானால் பந்துக்குப் பந்து சொல்லலாம்.

குடியாத்தம் டாக்சி

தம்பி, நீ கேட்கிற அந்த ஸ்டேஷனோடுதான் என் ராத்திரியெல்லாம் கழிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

என் மனைவி சி.எம்.சி.யில் நர்ஸிங் படித்தவர். நியூயார்க்கில் குயின்ஸ் பக்கம் ஒரு மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்து, 90-களின் தொடக்கத்தில் போனோம். நான் குடியாத்தத்தில் லுங்கித் தறி போட்ட வீட்டுப் பிள்ளை. அங்கே அந்தத் தொழிலுக்கு என்ன வேலை? மஞ்சள் டாக்சி ஓட்டினேன். சாயங்காலம் 5 மணிக்கு வண்டியை எடுத்தால் விடிகாலை 5 மணிக்குத் திருப்பிக் கொடுக்கணும். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் வண்டியில் கூட இருந்தது 660-தான். மத்திய அலையில் 660 கிலோஹெர்ட்ஸ். அங்கே யாரும் முழுப் பேரைச் சொல்வதில்லை, "ஃபேன்" என்றுதான் சொல்வார்கள்.

அது விளையாட்டு ஸ்டேஷனாகப் பிறக்கவில்லை. டபிள்யூ.எச்.என். என்று 1050-ல் அமெரிக்க கிராமத்துப் பாட்டு போட்டுக்கொண்டிருந்த ஸ்டேஷன். நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டங்களும் அதில்தான் வரும். எம்மிஸ் என்ற கம்பெனி அதை வாங்கியது, அதன் முதலாளி ஜெஃப் ஸ்முல்யான். 1987 ஜூலை 1, பிற்பகல் 3 மணிக்குப் பாட்டை நிறுத்திவிட்டு, இனி 24 மணி நேரமும் விளையாட்டுப் பேச்சு மட்டும்தான் என்று தொடங்கினார்கள். அந்த மாதிரி ஸ்டேஷன் அதற்கு முன் இல்லை. முந்தின வருஷம்தான் மெட்ஸ் உலகக் கோப்பை மாதிரியான அவர்களுடைய வேர்ல்ட் சீரீஸை ஜெயித்திருந்தது, ஊரே அந்த மயக்கத்தில் இருந்தது. அந்த ஸ்டேஷனில் ஒலித்த முதல் குரல் ஒரு பெண்ணுடையது. சூசின் வால்ட்மன், விளையாட்டுச் செய்தி வாசித்தார். பின்னாளில் அந்த ஊரின் இன்னொரு பேஸ்பால் அணியான யாங்கீஸின் ரேடியோ வர்ணனைக்கே போனார்.

தொடங்கியதும் பிய்த்துக்கொண்டு போயிருக்கும் என்றுதானே நினைக்கிறாய்? இல்லை. முதல் வருஷம் தள்ளாட்டம்தான். காரணம் எனக்குப் பிற்பாடு அங்கேயே ஊறின பழைய டிரைவர்கள் சொல்லித்தான் புரிந்தது. பேச உட்கார்த்தியவர்கள் எல்லாம் பெரிய தலைகள். ஜிம் லாம்ப்லி, கிரெக் கம்பல் என்று டி.வி.யில் நாடு முழுக்கத் தெரிந்த முகங்கள். மாலை நேரத்துக்கு கிளீவ்லேண்டிலிருந்து பீட் ஃப்ராங்ளின் என்பவரைக் கொண்டுவந்தார்கள். அவர் தன் ஊரில் போன் பண்ணுகிறவர்களைத் திட்டியே பேர் வாங்கியவர். நியூயார்க்காரன் திட்டு வாங்குவான், ஆனால் வெளியூர்க்காரன் வாயால் வாங்க மாட்டான். குடியாத்தத்தான் ஒருத்தன் வாணியம்பாடி டீக்கடையில் உட்கார்ந்து ஊரைப் பழித்தால் விடுவார்களா, அதே கதைதான்.

ரெண்டு விஷயம் அந்த ஸ்டேஷனைத் தூக்கி நிறுத்தியது. ஒன்று, இடம். என்.பி.சி. நிறுவனம் ரேடியோ தொழிலை விட்டு விலகியபோது அவர்களுடைய 660 எம்மிஸ் கைக்கு வந்தது. 1988 அக்டோபர் 7 அன்று ஃபேன் 1050-ஐ விட்டுவிட்டு 660-க்குக் குடி போனது. 50,000 வாட். ராத்திரியில் மத்திய அலை வானத்தில் மோதித் திரும்பி வெகுதூரம் போகும் இல்லையா? நாம் சின்ன வயசில் குடியாத்தத்தில் உட்கார்ந்துகொண்டு இலங்கை வானொலி கேட்டது அப்படித்தான். அதே மாதிரி அந்த 660-ம் ராத்திரியானால் பல மாநிலம் தாண்டிக் கேட்கும். அந்த அலைவரிசையோடு காலை நேரத்துக்கு டான் ஐமஸ் என்பவரும் வந்தார். அவர் நிகழ்ச்சியில் விளையாட்டு பேருக்குத்தான். அரசியல்வாதிகளைக் கூப்பிட்டு வைத்து நக்கல் பண்ணுவார். விளம்பரக் காசு கொட்டியது. விளையாட்டு ஸ்டேஷனுக்குச் சோறு போட்டது காலையில் வந்த விளையாட்டு இல்லாத நிகழ்ச்சி, இது உன் கணக்கில் இருக்கட்டும். அதே மனுஷர் 2007-ல் ஒரு கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றி இனத்தை இழுத்துக் கேவலமாகப் பேசி வேலையை இழந்தார். எனக்கு அவரைப் பிடித்ததே இல்லை. அவர் வருவதற்குள் வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிடுவேன், நல்லவேளை.

இன்னொன்று, வாய். 1989 செப்டம்பரில் மதியத்துக்கு மைக் ஃப்ரான்செஸா, கிறிஸ் ரூசோ என்று ரெண்டு பேரைச் சேர்த்து உட்காரவைத்தார்கள். ரெண்டு பேரும் பக்கத்திலேயே லாங் ஐலண்டில் வளர்ந்தவர்கள். ஒருத்தர் எல்லாம் தெரிந்த பெரிய மனுஷர் தோரணையில் நிதானமாக அறுப்பார். இன்னொருத்தர் கீச்சுக் குரலில் உச்சஸ்தாயியில் கத்துவார், பாதி வார்த்தை காற்றில் போய்விடும். ஒருத்தரை ஒருத்தர் மறித்துப் பேசி, கோபித்துக்கொண்டு, மறுநாள் திரும்ப வந்து உட்காருவார்கள். ரேடியோவுக்கு லாயக்கான குரல் என்று யாரும் அந்த ரெண்டையும் சொல்லமாட்டார்கள். 2008 வரைக்கும் அவர்களை அசைக்க ஆளில்லை. நான் நியூயார்க் போய்ச் சேர்ந்த சமயத்தில், 1992-ல், இன்ஃபினிட்டி என்ற கம்பெனி அந்த ஸ்டேஷனை 7 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஒரே ஒரு மத்திய அலை ஸ்டேஷனுக்கு!

எதைப் பேசி நிரப்புகிறார்கள் என்று கேட்டாயே. பேஸ்பாலில் ஒரு அணிக்கு வருஷத்தில் 162 ஆட்டம். ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை கிட்டத்தட்ட தினமும் ஒன்று. கூடைப்பந்துக்கு 82, ஐஸ் ஹாக்கிக்கும் ஏறக்குறைய அவ்வளவு. அந்த ஊரிலும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியிலும் சேர்த்து ஒன்பது பெரிய அணிகள். நேற்று தோற்றதை இன்று திட்டி முடிப்பதற்குள் ராத்திரி அடுத்த ஆட்டம் வந்துவிடும். நம்முடைய சி.எஸ்.கே.வுக்கு லீக் சுற்றில் 14 ஆட்டம், அதோடு பத்து மாதம் பட்டினி. கோட்டை மதில் கிண்டலாகச் சொன்னாலும் அது உண்மையான சிக்கல்தான்.

ஆனால் ஆட்டத்தை ஒலிபரப்பியதால் மட்டும் அந்த ஸ்டேஷன் நிற்கவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன். எங்கள் தறிக்கூடத்தில் மரப்பெட்டி ரேடியோ ஒன்று உண்டு. சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் சென்னை வானொலியில் தமிழ் வர்ணனை. கூத்தபிரானா, அப்துல் ஜப்பாரா, ராமமூர்த்தியா என்று குரலை வைத்தே ஆளைச் சொல்வோம். 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு டை ஆன டெஸ்ட் இருக்கிறதே, கடைசி நாள் அத்தனை தறியும் நின்றுவிட்டது. 348 வேண்டும், 347-ல் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. அப்புறம்? வானொலி அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டது. அது பட்டதா படவில்லையா, ரவி சாஸ்திரி முன்னாலேயே அடித்திருக்கலாமே என்ற சண்டை மட்டும் எங்கள் கூடத்தில் தீபாவளி வரைக்கும் நடந்தது. ஃபேன் பண்ணிய காரியம் அந்தச் சண்டையை ஒலிபரப்பியது. அவ்வளவுதான். ஆட்டம் மூன்று மணி நேரம், மிச்சம் இருபத்தொரு மணி நேரமும் தறிக்கூடம்.

போன் பண்ணினால் முதலில் ஒரு பையன் எடுப்பான். எந்த அணி, என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டு வரிசையில் போடுவான். ரேடியோவை அணைத்துவிடு என்பான், ஏனென்றால் ஒலிபரப்பு சில விநாடி தாமதமாகத்தான் போகும். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் அதற்குள் வெட்டிவிடலாம் அல்லவா. பிறகு காத்திருப்பு, சில நாள் அரை மணி கூட ஆகும். அறிமுகத்துக்குப் பேரும் பேட்டையும் போதும். ஸ்டீவ் சோமர்ஸ் என்று ராத்திரி நேரக்காரர் ஒருவர், 1987-லிருந்து 2021 வரை அங்கேயே இருந்தார். அவருக்கு "குயின்ஸிலிருந்து ஜெர்ரி" என்று ஒருத்தர் அடிக்கடி போன் போட்டு மெட்ஸைப் பற்றிப் புலம்புவார். அது ஜெர்ரி ஸைன்ஃபெல்ட், நாட்டிலேயே பேர் போன சிரிப்பு நடிகர். அவருக்கும் பேர், பேட்டை, அவ்வளவுதான். ரொட்டிக் கடைக்காரன், காவலாளி, டியூட்டி முடிந்து போகிற நர்ஸ், என்னைப் போல டிரைவர், எல்லோரும் அந்த வரிசையில்தான். நானும் ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் வண்டியை ஓரங்கட்டிப் பேசியிருக்கிறேன். என் உச்சரிப்பை யாரும் கிண்டல் பண்ணவில்லை, மெட்ஸைப் பற்றி நான் சொன்னதைத்தான் கிழித்தார்கள். அது ஒரு மரியாதை.

ரூஸ்வெல்ட் அவென்யூவில் தலைக்கு மேல் 7-ஆம் நம்பர் ரயில் ஓடும். அந்த இரும்புப் பாலத்துக்குக் கீழே போனால் 660 கரகரவென்று போய்விடும். முக்கியமான கட்டம் என்றால் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போவேன். 2001 செப்டம்பர் 21, இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு அந்த ஊரில் நடந்த முதல் ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் மெட்ஸின் மைக் பியாஸா தூக்கி அடித்தார் பார், பின்சீட்டில் இருந்தவர் மீட்டரை ஓடவிடு, வண்டியை நிறுத்து என்றார்.

காசு விஷயம் வேறு யாராவது தொழில் தெரிந்தவர்கள் சொல்லட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஸ்கோர் சொல்வார்கள் என்பதும், நடுநடுவே விளம்பரம் வரும் என்பதும்தான் எனக்குத் தெரியும். நிகழ்ச்சி நடத்துகிறவரே தன் வாயால் கார்க் கடையைப் பற்றி ஒரு நிமிஷம் பேசுவார். அது விளம்பரம் என்பதே பாதியில்தான் உறைக்கும்.

ஸ்பாட் விற்றவன்

நான் எஃப்.எம். ஒன்றுக்கு இந்த வட்டாரத்தில் விளம்பரம் பிடித்தவன், இப்போது வேறு தொழில். டாக்சி ஐயா விட்ட இடத்தை நிரப்புகிறேன்.

முதலில் சட்டம். தனியார் எஃப்.எம்.முக்கு 2011-ல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கையில் தெளிவாக இருக்கிறது: விளையாட்டுத் தகவல் சொல்லலாம், நேரலை கூடாது. ஆனால் உள்ளூர் விளையாட்டு நிகழ்ச்சிக்கு நேர்முக வர்ணனை பண்ணலாம். பொதுச் செய்தி என்றால் ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், நாமாக வாசிக்க முடியாது. பெரிய கிரிக்கெட்டுக்கு 2007-ல் ஒரு சட்டம் இருக்கிறது. தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டம் என்றால் உரிமை வாங்கியவர் பிரசார் பாரதியோடு அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், ரேடியோ விளம்பர வருமானம் பாதிக்குப் பாதி. ஆகவே சேப்பாக்கம் மேட்ச் உங்கள் மைக்குக்கு வராது.

அடுத்தது கணக்கு. நியூயார்க்கில் ஸ்டேஷன்கள் ஏராளம், பாட்டுச் சந்தையில் ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். ஒருத்தன் விளையாட்டு மட்டும் என்று ஒதுங்கினால் அவனுக்கென்று ஒரு கூட்டம் மிஞ்சும். நம்மைப் போன்ற ஊருக்கு அரசாங்கம் ஏலம் விடுவதே சில அலைவரிசைதான். 15 வருஷ உரிமம், நுழைவுக் கட்டணம், வருஷா வருஷம் வருமானத்தில் பங்கு. இதெல்லாம் கட்டியவன் எல்லா வீட்டுச் சமையலறையிலும் ஒலிக்கத்தான் பார்ப்பான். சினிமாப் பாட்டை விட்டு இறங்கமாட்டான்.

விளம்பரம் இங்கே 10 விநாடிக் கணக்கில் விற்பனை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், அப்புறம் கல்லூரி அட்மிஷன் சீசன். ஜவுளி, நகை, மனை. இந்த மூன்று பேரிடம் போய் "ஆம்பளைங்க கேட்கிற விளையாட்டு நிகழ்ச்சி" என்று சொன்னால் முதல் கேள்வி, "லேடீஸ் கேப்பாங்களா?" சேலையும் நெக்லஸும் யார் முடிவு பண்ணுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் அதே ஆண் கூட்டத்தை விலை கொடுத்து வாங்க கார், பீர் ரெண்டும் நிற்கும். 2018-ல் அவர்கள் உச்சநீதிமன்றம் விளையாட்டுச் சூதாட்டத்தை மாநிலங்கள் விருப்பம் என்று விட்டதும் பந்தயக் கம்பெனிகளும் வந்து குவிந்தன. நமக்கு மது விளம்பரம் கூடாது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல் மத்திய அரசே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது, விளம்பரமும் சேர்த்து. சூதாட்டக் காசு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கட்டிடத்தைத் தாங்குகிற தூண் நம்மிடம் இல்லை என்கிறேன்.

சமுதாய வானொலி என்று ஒன்று உண்டு, 100 வாட். ஆனால் அது கல்வி நிறுவனம், தொண்டு நிறுவனம் மாதிரி லாப நோக்கம் இல்லாதவர்களுக்குத்தான். தனி ஆளுக்குத் தரமாட்டார்கள்.

இதற்கு மேல் பையன் இஷ்டம்.

பாலாறு பையன்

டாக்சி ஐயா, ஸ்பாட் அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. அலைவரிசை ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். போனிலேயே கேட்கிற மாதிரி வாரம் ஒரு நிகழ்ச்சி, யூடியூபில், போட்காஸ்டில் போட்டால்? அதற்கு உரிமம் கேட்கமாட்டார்கள். ஆனால் டாக்சி ஐயா சொன்ன சிக்கல் அப்படியே நிற்கிறது. தினமும் ஆட்டம் இல்லாத ஊரில் எதைப் பற்றிச் சண்டை போடுவது? பளுதூக்குதல் பெரிய போட்டி அடிக்கடி வராதே.

கே.வி.குப்பம் மைக்

யாருப்பா நம்மூர்ல ஆட்டம் இல்லைனு சொன்னது? தை பொறந்தா மாசி, பங்குனி வரைக்கும் மாடு விடற திருவிழா நடக்குது. லத்தேரி, பனமடங்கி, ஊசூர், அணைக்கட்டுன்னு எத்தனை ஊரு. நான் மைக் புடிக்கிறவன்.

நான் எழுத்துத் தமிழில் எழுதுகிறேன், இல்லாவிட்டால் என் பேச்சு வெளியூர்க்காரருக்குப் புரியாது. மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு மாதிரி மாட்டை அணைக்கிற ஆட்டம் இல்லை இது. ரெண்டு பக்கமும் தடுப்பு கட்டி, தெருவில் மாட்டை ஓடவிடுவோம். குறித்த தூரத்தை எந்த மாடு குறைந்த நேரத்தில் தாண்டுகிறதோ அதற்குப் பரிசு. 2017-ல் மாநில அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தில் எருது விடும் விழாவும் பேர் சொல்லிச் சேர்ந்திருக்கிறது. கலெக்டர் அனுமதி, கால்நடை டாக்டர் சோதனை எல்லாம் உண்டு. மாடு வாசலை விட்டுக் கிளம்பும்போதே அதன் பேர், உடையவர் ஊர், போன ஊரில் எத்தனை விநாடி, இதையெல்லாம் மாடு எல்லையைத் தாண்டுவதற்குள் நான் சொல்லி முடிக்கணும். மூச்சு விட நேரம் கிடையாது.

சண்டை வேண்டும் என்கிறீர்களே, விழா முடிந்த பிறகு மேடைக்குப் பின்னால் வந்து பாருங்கள். புள்ளி சொச்சம் விநாடியில் பரிசு போனவர் விடுவாரா? கடிகாரத்தை யார் அமுக்கினது, எப்போது அமுக்கினது, மாட்டுக்கு முன்னால் யார் குறுக்கே வந்தது, ஜனம் ஒதுங்காததால் என் மாடு மிரண்டது என்று அடுத்த ஊர் விழா வரைக்கும் ஓடும். ஆம்பூர், பேரணாம்பட்டு, ஆந்திரா எல்லையில் இருந்தெல்லாம் மாடு வருகிறது. கேமராக்காரப் பசங்க ஓட்டத்தை மட்டும் எடுத்து யூடியூபில் போடுகிறார்கள். அந்தச் சண்டையை இதுவரை யாரும் பதிவு பண்ணவில்லை.

ஸ்பாட் விற்றவன்

மைக் அண்ணே, நான் இருந்த காலத்தில் உங்களைப் பார்த்திருந்தால் தீவனக் கம்பெனி, தவிடு புண்ணாக்குக் கடை, டிராக்டர் ஷோரூம் எல்லாரையும் மடக்கியிருப்பேன். நிஜமாகச் சொல்கிறேன், இந்த நிகழ்ச்சிக்கு ஸ்பான்ஸர் கிடைக்கும். பளுதூக்குதலுக்கு ஜிம்முகளும், புரோட்டீன் பவுடர் விற்கிற கடைகளும். ஜவுளிக்கடைப் பக்கமே போக வேண்டாம். சின்னத் தொகையாக இருக்கும், ஆனால் மாதா மாதம் வரும்.

குடியாத்தம் டாக்சி

தம்பி, உனக்கு ஆள் கிடைத்துவிட்டார். நான் சொல்லாமலே மைக் அண்ணன் வந்து நிற்கிறார் பார்.

நாலு விஷயம் சொல்லி விடுகிறேன், வரிசை எல்லாம் இல்லை. நிகழ்ச்சி நடத்த வானொலிக் குரல் தேடாதே. உன் ஒலிப்பதிவு அறைக்கு வருகிற கல்யாண வீடியோ குரல்கள் எனக்கும் தெரியும், எல்லாம் ஒரே அச்சு, சென்னை விளம்பரத் தமிழ். பீட் ஃப்ராங்ளின் கதை ஞாபகம் இருக்கட்டும். மைக் அண்ணனை அவர் பேச்சிலேயே பேசவிடு. "இன்னாபா", "கீது" எல்லாம் வரட்டும், திருத்தாதே. எதிரில் அவரோடு ஒத்துப்போகாத ஒருத்தரை உட்கார வை. மாடு விடுவதையே பிடிக்காத ஒரு கால்நடை டாக்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. ரெண்டு பேரும் ஒரே பக்கம் பேசினால் கேட்கிறவன் தூங்கிவிடுவான்.

போன் வசதி கட்டாயம் வை. நேரலை முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வாங்கு, பேரும் ஊரும் சொல்லிவிட்டுப் பேசச் சொல். வந்ததையெல்லாம் அப்படியே போடாதே. ஃபேனில் போனை எடுக்கிற அந்தப் பையன்தான் பாதி ஸ்டேஷன். யாரை முதலில் விடணும், யாரைக் காக்க வைக்கணும், யார் குடித்துவிட்டுப் பேசுகிறார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கணும். அந்த வேலையை உன் நண்பனுக்குக் கொடு. மாட்டுக்காரர்கள் விஷயத்தில் ஊர், சாதி, தெரு என்று இழுக்கிற பேச்சு வரும். அதைத் தயங்காமல் வெட்டு. ஐமஸ் அந்த மாதிரி ஒரு வாக்கியத்தில்தான் விழுந்தார்.

பளு தூக்குகிற பசங்களுக்கு வாரா வாரம் போட்டி தேவையில்லை. பயிற்சிக் கூடத்தில் இந்த வாரம் யார் எவ்வளவு தூக்கினார்கள் என்று பத்து நிமிஷம் சொல்லு. போன வாரம் 90, இந்த வாரம் 95 என்றால் அதுவே செய்தி. அந்தப் பையனின் சித்தப்பா கேட்பார், மாமா கேட்பார், எதிர்க் கூடத்துப் பையன் கட்டாயம் கேட்பான், அவன் குரல் பதிவு அனுப்புவான். அங்கே பேஸ்பாலில் எண்ணை வைத்துக்கொண்டுதான் பாதிப் பேச்சு நடக்கும். எண் இருந்தால் சண்டை தானாக வரும்.

அப்புறம் ஒன்று, ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு என்றால் ஞாயிறு ராத்திரி எட்டு மணிதான். ஒரு வாரம் ஒன்பது, ஒரு வாரம் திங்கட்கிழமை என்று போட்டால் பழக்கம் நிற்காது. முதல் பதிவுக்கு நானும் காட்பாடியிலிருந்து வருகிறேன், பேச இல்லை, போன் எடுக்க. எனக்கு அந்த வேலை மேல் ரொம்ப நாளாக ஆசை.

பாலாறு பையன்

மைக் அண்ணா, உங்கள் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அடுத்து எந்த ஊரில் விழா என்று சொன்னால் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து மேடைக்குப் பின்னால் நிற்கிறேன். திறந்தவெளியில் காற்று இரைச்சல் வரும், மைக்குக்குப் பஞ்சு உறை ஒன்று வாங்க வேண்டும். டாக்சி ஐயா, உங்களுக்குத் தனி நாற்காலி உண்டு, ஆனால் போனை என் நண்பனும் பாதி நேரம் எடுப்பான், இப்போதே சண்டைக்கு வந்துவிட்டான். ஸ்பாட் அண்ணா, அந்தத் தவிடு புண்ணாக்குக் கடைக்காரரிடம் எவ்வளவு கேட்கலாம்?

ஸ்பாட் விற்றவன்

முதல் மாதம் எதுவும் கேட்காதே. நாலு நிகழ்ச்சியில் அவர் கடைப் பேரைச் சும்மா சொல்லு. அஞ்சாவது வாரம் சொல்லாமல் விடு. அவரே போன் பண்ணுவார்.